அடங்கிக் கிடந்த ஹெபடைட்டிஸ் பி சீறும்போது

இப்படி ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கை கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கல்லீரல் என்சைமான எஸ்ஜிபிடி 1,480. கண்ணை மஞ்சளாக்கும் நிறமியான பிலிருபின் 9.2. ரத்தம் உறைவதில் தாமதத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 1.9. அறிக்கைக்குரியவருக்கு வயது 40-ஐத் தாண்டியிருக்கிறது. பல வருஷங்களுக்கு முன் ரத்த தானம் செய்யப் போன இடத்தில் தனக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரிந்தது. "வைரஸ் இருக்கு, ஆனா சும்மா இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். இரண்டு வருஷம் பார்த்தார், அப்புறம் விட்டுவிட்டார். இப்போது பத்து நாளாக அசதி, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். மூன்று நாளாகச் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறது.

வீட்டில் எல்லோருடைய கண்ணும் அந்த 1,480-இல்தான் போய் நிற்கும். நாற்பதுக்குள் இருக்க வேண்டியது ஆயிரத்தைத் தாண்டிவிட்டதே என்று பதறுவார்கள். அனுபவமுள்ள கல்லீரல் மருத்துவரின் கண் மூன்றாவது எண்ணுக்குப் போகும். அது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், இந்த நோய்க்குத் தரும் சிகிச்சையின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் குடியிருந்து தன்னைப் பெருக்கிக்கொள்ளும், ஆனால் பொதுவாக அந்தச் செல்லைக் கொல்லாது. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குக் கோடிக்கணக்கில் வைரஸ் இருந்தும் எஸ்ஜிபிடி இயல்பாக இருப்பவர்கள் உண்டு. குழந்தைப் பருவத்தில் தொற்று ஏற்பட்டவர்கள் பலர் 20, 30 வருஷம் அப்படித்தான் இருக்கிறார்கள். உடலின் நோய் எதிர்ப்புப் படை அந்த வைரஸைக் கண்டும் காணாமல் இருக்கிறது. என்றைக்கு அது விழித்துக்கொண்டு, வைரஸ் இருக்கும் செல்களைத் தேடிப்பிடித்து அழிக்கத் தொடங்குகிறதோ, அன்றைக்குத்தான் கல்லீரலுக்குக் கேடு. அந்தப் படையைச் சேர்ந்த நம் டி-செல்களே நம் கல்லீரல் செல்களைக் கொல்கின்றன. கொல்லப்பட்ட செல்களிலிருந்து கசிந்து வரும் என்சைம்தான் எஸ்ஜிபிடி. ஏஎல்டி என்றும் எழுதுவார்கள்.

இப்படித் திடீரென்று கிளம்பும் கொந்தளிப்பை மருத்துவர்கள் 'ஃபிளேர்' என்கிறார்கள். என்சைம் இயல்பின் மேல் எல்லையைவிட ஐந்து மடங்குக்கு மேல் போனால் ஃபிளேர் என்பது பரவலாகப் புழங்கும் கணக்கு. மஞ்சள் காமாலையும் ரத்தம் உறைவதில் தாமதமும் சேர்ந்துகொண்டால் அது கடுமையான ஃபிளேர். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2022-இல் உலகம் முழுக்க 25.4 கோடிப் பேர் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-யுடன் வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இந்த அளவு சீற்றம் வாழ்நாளில் வராமலே போகலாம். வருகிறவர்களுக்குத்தான் நாள் கணக்கில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

சும்மா இருந்தது ஏன் சீறுகிறது? இந்த வைரஸ் தன் மரபணுவின் ஒரு பிரதியைக் கல்லீரல் செல்லின் கருவுக்குள், மூடிய வளையமாக, பத்திரப்படுத்தி வைத்துவிடுகிறது. இன்று இருக்கும் எந்த மாத்திரையும் அந்த வளையத்தை முழுசாக அகற்றுவதில்லை. ஆகவே காவல் தளரும்போதெல்லாம் வைரஸ் மறுபடி பெருகும். பெருகியதைப் பார்த்து எதிர்ப்புப் படை பாயும். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ரத்தத்தில் வைரஸ் அளவு ஏறுகிறது, சில வாரங்கள் கழித்து எஸ்ஜிபிடி ஏறுகிறது, பிறகுதான் கண் மஞ்சளாகிறது. ஆள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது சம்பவம் ஏற்கனவே பாதி நடந்து முடிந்திருக்கிறது. வைரஸ் அளவு அதற்குள் இறங்கத் தொடங்கியிருக்கலாம் என்பதால், அந்த எண் சின்னதாக இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது.

காவல் தளரும் காரணங்கள் பல. ஒன்றுமே இல்லாமல் தானாகவும் வரும். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் வரும், ஏனென்றால் கர்ப்பகாலத்தில் அடங்கியிருந்த எதிர்ப்பு சக்தி அப்போது திரும்புகிறது. கீமோதெரபி, ஸ்டீராய்டு, லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய்க்கும் மூட்டுநோய்க்கும் தரும் ரிட்டுக்ஸிமாப் ஆகியவற்றால் வரும். ஹெபடைட்டிஸ் சி-யைக் குணப்படுத்தும் புதிய மாத்திரைகளாலும் வரலாம். இரண்டு வைரஸும் ஒரே உடலில் இருக்கும்போது சி வைரஸ் பி-யை அமுக்கி வைத்திருக்கும்; சி போனதும் பி தலைதூக்கும். இதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் அந்த மருந்துகளின் மேலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது.

சில சமயம் குற்றவாளி வேறு ஆளாகவும் இருக்கும். ஏற்கனவே பி இருப்பவருக்கு ஹெபடைட்டிஸ் ஏ அல்லது ஈ புதிதாகத் தொற்றினால் பார்வைக்கு அதே படம்தான் தெரியும். டெல்டா வைரஸ் என்கிற ஹெபடைட்டிஸ் டி-யும் அப்படித்தான். பி இல்லாமல் அதனால் பரவ முடியாது, பி இருக்கும் இடத்தில் வந்து சேர்ந்தால் நிலைமையை மோசமாக்கும். அதனால் கடுமையான ஃபிளேரோடு வருபவருக்கு இவை எல்லாவற்றுக்கும் சேர்த்தே ரத்தம் எடுப்பார்கள். எச்ஐவி-க்கும் கட்டாயம் எடுக்க வேண்டும். பி-க்குத் தரும் மாத்திரைகள் எச்ஐவி மேலும் வேலை செய்பவை. தெரியாமல் தனியாகக் கொடுத்தால் எச்ஐவி அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

இத்தனை காரணங்களிலும் என் மனதை மிகவும் கஷ்டப்படுத்துவது, சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்தியதால் வருவது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சரி, அந்த அறிக்கைக்குத் திரும்புவோம். எஸ்ஜிபிடி என்பது எத்தனை செல்கள் செத்தன என்பதற்கான குறிப்பு. மிச்சமிருக்கும் செல்கள் வேலை செய்கின்றனவா என்று அது சொல்லாது. ஐஎன்ஆர் சொல்லும். ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல்தான் செய்கிறது. அவற்றில் ஏழாவது காரணி என்று ஒன்று உண்டு. ரத்தத்தில் அதன் பாதி ஆயுள் சில மணி நேரம்தான். கல்லீரல் இன்று காலை உற்பத்தியை நிறுத்தினால் நாளைக்கே ஐஎன்ஆர் ஏறிவிடும். ஆல்புமினும் கல்லீரல் செய்யும் புரதம்தான், ஆனால் அதன் பாதி ஆயுள் சுமார் மூன்று வாரம். ஆல்புமின் போன மாதத்துக் கல்லீரலைக் காட்டுகிறது, ஐஎன்ஆர் இன்றைய கல்லீரலைக் காட்டுகிறது.

அடிக்கடி நடக்கும் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. ஒரு வாரத்தில் எஸ்ஜிபிடி 1,480-இலிருந்து 400-க்கு வருகிறது. குடும்பம் நிம்மதி அடைகிறது. ஆனால் அதே வாரத்தில் பிலிருபின் 9-இலிருந்து 18-க்கும், ஐஎன்ஆர் 1.9-இலிருந்து 2.6-க்கும் போயிருந்தால், என்சைம் இறங்கியது நோய் குறைந்ததால் அல்ல, கசிய விடுவதற்கு இனி அதிகம் செல்கள் மிச்சமில்லாததால். கல்லீரல் சுருங்கிக்கொண்டிருக்கிறது. மாறாக ஐஎன்ஆர் இறங்கத் தொடங்கி, கண் மட்டும் இன்னும் மஞ்சளாகவே இருந்தால் பயப்படத் தேவையில்லை. பிலிருபினில் ஒரு பங்கு ஆல்புமினோடு இறுக ஒட்டிக்கொண்டிருக்கும், அது போக வாரங்கள் ஆகும். அந்த மஞ்சள் கடைசியாகத்தான் விடைபெறும்.

இன்னொன்று. மஞ்சள் காமாலையில் பித்தம் குடலுக்குச் சரியாகப் போகாததால் வைட்டமின் கே உறிஞ்சப்படாமலும் ஐஎன்ஆர் ஏறலாம். அதனால் முதலில் வைட்டமின் கே ஊசி போட்டுப் பார்ப்பார்கள். போட்டும் இறங்காவிட்டால் கல்லீரலே தளர்கிறது என்று அர்த்தம். ரத்தக்கசிவு இல்லாதபோது எண்ணைச் சரிசெய்வதற்காக மட்டும், உறைவுப் புரதங்கள் உள்ள பிளாஸ்மாவை ஏற்றுவதில்லை. ஏற்றினால் இருக்கும் ஒரே நல்ல அளவுகோலும் பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

எல்லா ஃபிளேரும் கெட்டது என்றும் இல்லை. எதிர்ப்புப் படை பாயும்போது சிலருக்கு வைரஸ் உண்மையாகவே அடங்கிவிடுகிறது. வைரஸின் புரதமான 'இ' ஆன்டிஜென் மறைந்து அதற்கான எதிர்ப்பொருள் தோன்றுகிறது. அதனால்தான் காமாலை இல்லாத, கல்லீரல் நன்றாக வேலை செய்கிற, கல்லீரல் சுருக்கநோய் (சிரோசிஸ்) இல்லாத ஒருவருக்கு எஸ்ஜிபிடி மட்டும் ஏறினால், சில மாதம் நெருக்கமாகக் கவனித்துக் காத்திருப்பதில் நியாயம் உண்டு. அந்தப் பொறுமையைக் கடுமையான ஃபிளேரில் காட்டக் கூடாது. காமாலை வந்துவிட்டால், ஐஎன்ஆர் 1.5-ஐ எட்டிவிட்டால், வைரஸ் அளவுப் பரிசோதனையின் முடிவு வரட்டும் என்றுகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. ரத்தத்தை எடுத்து அனுப்பிவிட்டு அன்றைக்கே வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்க வேண்டும். என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி மட்டும் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

இவ்வளவு அவசரம் ஏன்? மாத்திரை வைரஸ் பெருகுவதைத்தான் நிறுத்துகிறது. கல்லீரலைத் தாக்கிக்கொண்டிருப்பதோ எதிர்ப்புப் படை. இன்று வைரஸ் உற்பத்தியை நிறுத்தினாலும், ஏற்கனவே தொற்றிய செல்கள் மேல் தாக்குதல் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். மருந்து உள்ளே போவதற்கும் கல்லீரல் அதை உணர்வதற்கும் நடுவில் ஒன்றிரண்டு வாரம் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியைத் தாங்கும் அளவுக்குக் கல்லீரல் மிச்சம் இருந்தால் ஆள் பிழைப்பார். தைவானில் லாமிவுடின் என்கிற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த மருத்துவர்கள் கண்டதும் இதைத்தான்: பிலிருபின் 20-ஐத் தாண்டுமுன் தொடங்கியவர்களுக்குப் பலன் தெரிந்தது, தாண்டிய பிறகு தொடங்கியவர்களுக்கு மருந்து எட்டிப்பிடிக்க முடியவில்லை.

வலுவான ஆதாரம் டெல்லியிலிருந்து வந்தது. கல்லீரல் மருத்துவர் எஸ்.கே. சரின் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஹெபடைட்டிஸ் பி சீறி கல்லீரல் செயலிழந்த 27 பேரில் 14 பேருக்கு டெனோஃபோவிர், 13 பேருக்கு வெற்று மாத்திரை. மூன்று மாதம் கழித்து டெனோஃபோவிர் வாங்கியவர்களில் 57 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்களில் 15 சதவீதம். 27 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் இதற்குப் பிறகு இன்னொரு குழுவுக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்ப்பது நியாயமில்லை என்று ஆகிவிட்டது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: இரண்டு வாரத்தில் வைரஸ் அளவு நூறில் ஒரு பங்குக்குக் கீழ் இறங்கியவர்கள் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே 14-ஆம் நாள் வைரஸ் அளவைத் திரும்பப் பார்ப்பது சம்பிரதாயம் அல்ல. அது இறங்கவில்லை என்றால் அடுத்த ஏற்பாட்டைப் பற்றிப் பேச வேண்டிய நாள் அது.

எந்த மாத்திரை என்பதில் வரலாறு கொஞ்சம் உதவும். முதலில், 1998-இல், லாமிவுடின் வந்தது. வேகமாக வேலை செய்தது, ஆனால் ஐந்து வருஷத்தில் 70 சதவீதம் பேர் வரை வைரஸ் அதற்குப் பழகிப்போனது. அந்தப் பழக்கமே புது ஃபிளேருக்குக் காரணமாகவும் ஆனது. 2005-இல் என்டெகாவிர், 2008-இல் டெனோஃபோவிர், 2016-இல் சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் தொந்தரவு குறைந்த அதன் புது வடிவமான டெனோஃபோவிர் அலாஃபெனமைடு. இன்று கடுமையான ஃபிளேருக்கு இந்த மூன்றில் ஒன்றுதான். முன்பு லாமிவுடின் சாப்பிட்டவருக்கு என்டெகாவிர் எளிதில் தோற்றுவிடும், அவருக்கு டெனோஃபோவிர். சிறுநீரகம் தடுமாறும் ஒருவருக்குப் பழைய டெனோஃபோவிரை யோசித்துத்தான் தர வேண்டும், அளவையும் குறைக்க வேண்டும். என்டெகாவிரை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் உணவு கூடாது. இதை நோயாளியிடம் சொல்ல மறந்துவிடுகிறார்கள். கல்லீரல் மிகவும் தளர்ந்தவர்களில் சிலருக்கு என்டெகாவிரோடு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடியது பதிவாகியிருக்கிறது என்பதால் அதையும் பார்த்துக்கொள்வார்கள்.

தரக் கூடாத மருந்து இன்டர்ஃபெரான். சாதாரண நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-க்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைதான். ஆனால் அதன் வேலையே எதிர்ப்புப் படையைத் தூண்டிவிடுவது. ஏற்கனவே அந்தப் படை கல்லீரலைச் சிதைத்துக்கொண்டிருக்கும்போது அது கல்லீரல் செயலிழப்பில் தள்ளிவிடும். அப்படியானால் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். ஜப்பானில் வைரஸ் மருந்தோடு சேர்த்து ஆரம்பத்திலேயே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஸ்டீராய்டு வைரஸைப் பெருகவிடும், தொற்றுகளுக்கும் கதவைத் திறந்துவிடும். அது வழக்கமான சிகிச்சையாக நிலைபெறவில்லை.

மாத்திரை தன் வேலையைச் செய்யட்டும். அந்த இரண்டு வாரம் ஆளைக் காப்பாற்றுவது மற்ற கவனிப்புகள்தான். பொதுவாக இந்தப் பகுதிதான் யார் வாயிலும் வருவதில்லை.

வார்டில் ஒரு நர்ஸ் தினமும் காலையில் நோயாளியிடம் ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்வதைப் பார்க்கலாம். ஒரே பக்கத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக. திங்கட்கிழமைக் கையெழுத்து சுத்தமாக இருக்கும். புதன்கிழமை கடைசி எழுத்து கோட்டை விட்டு இறங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை நடுவில் ஒரு எழுத்தே காணாமல் போயிருக்கும். கூட இருக்கும் மனைவி "ராத்திரி பூரா முழிச்சிருக்கார், பகல்ல தூங்கறார், வேற ஒண்ணும் இல்ல" என்பார். கைகளை முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேல்பக்கமாக மடக்கிப் பிடிக்கச் சொன்னால் விரல்கள் பறவை சிறகடிப்பதுபோல் சட்டென்று விழுந்து எழும். கல்லீரல் வடிகட்டாத அம்மோனியா போன்ற நச்சுகள் மூளையைத் தொடத் தொடங்கிவிட்டன என்பதற்கு இவைதான் முதல் அடையாளங்கள். ஸ்கேன் எதுவும் இவ்வளவு சீக்கிரம் சொல்லாது. வீட்டில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். காமாலை உள்ள ஒருவர் இரவு பகல் மாறித் தூங்கினால், சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தால், மறுநாள் வரை பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தூக்க மாத்திரை கொடுத்துவிடவே கூடாது.

மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ள லாக்டுலோஸ் தருகிறார்கள். சர்க்கரை அளவை அடிக்கடி பார்க்கிறார்கள், ஏனென்றால் சர்க்கரையைச் சேமித்து வைத்து வெளியே விடுவதும் கல்லீரல்தான். நடுராத்திரியில் அது இறங்கி மயக்கம் வரலாம். வயிற்றில் நீர் சேர்ந்தால் ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள், அதில் கிருமி இருந்தால் அதற்கு உடனே ஆன்டிபயாடிக். இந்த நோயில் பலரை வீழ்த்துவது கடைசியில் கல்லீரலைவிடத் தொற்றும் சிறுநீரகச் செயலிழப்பும்தான். ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அவை கூடாது. 'கல்லீரலுக்கு நல்லது' என்று யாரோ கொடுக்கும் மூலிகைக் கலவைகளும் இந்தச் சமயத்தில் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றைச் செரிக்க வேண்டிய வேலையும் அதே நொந்த கல்லீரலுக்குத்தான் போகும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு பழைய நம்பிக்கை இன்னும் விடவில்லை: காமாலைக்காரருக்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்பது. வேண்டாம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். கொடுக்காவிட்டால் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்ளும். அம்மோனியாவை அப்புறப்படுத்துவதில் தசைக்கும் பங்கு உண்டு. இரவு நீண்ட பட்டினியும் கூடாது, படுக்கப்போகுமுன் எதையாவது சாப்பிட்டுவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தும் சிலருக்குப் போதாது. பிலிருபின் 5-க்கு மேல், ஐஎன்ஆர் 1.5-க்கு மேல், நான்கு வாரத்துக்குள் வயிற்றில் நீர் அல்லது மூளைத் தடுமாற்றம் என்று ஆனால் ஆசிய-பசிபிக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் அதைத் தனி நோய்நிலையாகவே வரையறுக்கிறது. அந்த நிலையில் கேட்க வேண்டிய கேள்வி: மாற்று அறுவை சிகிச்சை செய்யும் மையத்துக்கு எப்போது மாற்றுவது? என் கணிப்பில் இங்கேதான் நாட்கள் வீணாகின்றன. "மருந்து கொடுத்துப் பார்க்கலாம், முடியாவிட்டால் அனுப்பலாம்" என்று தள்ளிப்போட்டு, நோயாளி வென்டிலேட்டரில் இருக்கும்போது அனுப்பினால், அறுவை சிகிச்சைக்கே அவர் தாங்கமாட்டார் என்று பதில் வரும். மருந்தைத் தொடங்கும் அதே நாளில் மையத்தோடு பேசிவைப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. ஆள் தேறிவிட்டால் அறுவை வேண்டியதில்லை, அவ்வளவுதான். ஒரு காலத்தில் ஹெபடைட்டிஸ் பி-காரர்களுக்குப் புதுக் கல்லீரல் வைக்கவே தயங்கினார்கள், வைரஸ் அதையும் தின்றுவிடும் என்று. வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஊசியான இம்யூனோகுளோபுலினும் இந்த மாத்திரைகளும் வந்தபின் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. மாத்திரையை ஆயுளுக்கும் தொடர்ந்தால் புதுக் கல்லீரல் பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது.

இனி, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுபவருக்கு வைரஸ் அளவு 'கண்டறிய முடியவில்லை' என்று அறிக்கை வரும். அந்த வார்த்தையை 'குணமாகிவிட்டது' என்று படித்துவிடுகிறார்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை, பிறகு எதற்குத் தினமும் மாத்திரை என்று நிறுத்துகிறார்கள். செல்லுக்குள் இருக்கும் வளையம் அப்படியேதான் இருக்கிறது. டெனோஃபோவிரை நிறுத்தியவர்களுக்கு வைரஸ் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் திரும்புகிறது, என்டெகாவிரை நிறுத்தியவர்களுக்கு இன்னும் சில மாதம் தள்ளி. நிறுத்தியது மறந்தே போயிருக்கும் நேரத்தில் கண் மஞ்சளாகிறது. சுருக்கநோய் உள்ளவர்கள் நிறுத்தவே கூடாது. மற்றவர்களில் சிலர் நிறுத்தலாம், ஆனால் மருத்துவர் நாள் குறித்து, அதன்பின் மாதாமாதம் ரத்தம் பார்த்துக்கொண்டுதான். எச்ஐவி-க்கு மருந்து சாப்பிடுபவர்களும் கவனிக்க வேண்டும். அதில் இருக்கும் டெனோஃபோவிர்தான் பி-யையும் அடக்கிவைத்திருக்கும். மருந்தை மாற்றும்போது அது விட்டுப்போனால் இதே கதை.

வேறு நோய்க்கு மருந்து எடுக்கப்போகிறவர்களுக்கும் இது பொருந்தும். கீமோதெரபிக்கு முன், நீண்டநாள் ஸ்டீராய்டுக்கு முன், முக்கியமாக ரிட்டுக்ஸிமாபுக்கு முன், ஹெபடைட்டிஸ் பி-யின் மேற்பரப்பு ஆன்டிஜெனையும் கோர் எதிர்ப்பொருளையும் பார்த்துவிட வேண்டும். முதலாவது இல்லாமல் இரண்டாவது மட்டும் இருந்தால், என்றோ தொற்று வந்து போனது என்று அர்த்தம். போனதுபோல் தெரிந்தாலும் வளையம் இருக்கலாம். ரிட்டுக்ஸிமாப் அதை எழுப்பிவிடும், சில சமயம் கடைசி ஊசி போட்டு ஒரு வருஷம் கழித்துக்கூட. அதனால் அவருக்கு முன்கூட்டியே என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் தொடங்கி, ரிட்டுக்ஸிமாப் முடிந்து குறைந்தது 12 மாதம் தொடர்கிறார்கள், 18 மாதம் என்று சொல்கிறவர்களும் உண்டு. மாத்திரையை நிறுத்திய பிறகும் ஒரு வருஷம் ரத்தம் பார்க்கிறார்கள். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து தலைமுடி திரும்ப வளர்ந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றும் மாதங்கள் அவை. அந்த மாதங்களிலும் அந்த ஒரு மாத்திரை நிற்கக் கூடாது.